முதலிடம் பிடித்த மாவட்டத்துக்கு ஒரு கணக்கு பாக்கி

விருதுநகர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், மாவட்டத்தின் தலைமை ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுக்காரர்கள் எல்லாருக்கும், வணக்கம்.

நான் சாத்தூர் பக்கம் ஒரு கரிசக்காட்டுக் கிராமத்தில் பிறந்தவன். பிழைப்பு வெளியூரில். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் மட்டும், எங்கே இருந்தாலும், நம் மாவட்டம் எத்தனையாவது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதே நீங்கள்தான். 1985-இல் பழைய இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த சின்ன மாவட்டம், ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிளஸ் டூ தேர்ச்சியில் முதலிடத்தை விடாமல் வைத்திருந்தது. நடுவில் நழுவியது. மறுபடி பிடித்தீர்கள். 2018-இல் 97.05 சதவீதம், 2023-இல் 97.85 சதவீதம், இரண்டு முறையும் முதலிடம். பெரிய நகரங்கள் இருக்கும் மாவட்டங்கள் பின்னால் நின்றன. வெளியூர்க்காரர்கள் "உங்க ஊர் தண்ணியில என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். தண்ணியே கிடையாது ஐயா, அதனால்தான் படிக்கிறோம் என்று நான் சொல்வேன்.

அதில் பாதி வேடிக்கை, பாதி உண்மை. மானாவாரிப் பூமி. மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ், இல்லையென்றால் பயர் ஆபீஸ். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்; பயர் ஆபீஸ் என்றால் பட்டாசுத் தொழிற்சாலை.) என் சின்ன வயதில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். ஏறாதவர்கள் பள்ளிக்கூடம் போவார்கள். எங்கள் அம்மா வீட்டில் பெட்டி ஒட்டிய காசில் நான் ஏறாதவனானேன். அந்த பஸ்ஸிலிருந்து பிள்ளைகளை இறக்கிப் பள்ளிக்குக் கொண்டுவந்ததில் உங்கள் ஆசிரியர்கள் நடந்த நடைக்குப் பெரிய பங்குண்டு. வீடு வீடாக வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. விருதுநகரில் 1889-இல் க்ஷத்ரிய வித்யாசாலா தொடங்கியது. வீட்டுக்கு வீடு சோறாக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதைச் சேர்த்து நடத்திய பள்ளிக்கூடம். வியாபாரிகள் தங்கள் வரவில் ஒரு பங்கை மகமையாகப் பொதுக் காரியத்துக்குக் கொடுத்தார்கள். கல்வி என்றால் ஊர் சேர்ந்து செய்கிற வேலை என்ற எண்ணம் இந்த மண்ணில் அப்போதே ஊறியது. உங்கள் சாதனைக்கு அடியில் அந்த அரிசி கிடக்கிறது. ஸ்பெஷல் கிளாஸ் பிள்ளைகளுக்கு சாயங்காலம் யாரோ ஒரு கடைக்காரர் சுண்டல் வாங்கித் தருவாரே, அதுவும் அந்தப் பிடி அரிசியின் பேரன்தான்.

பெருமை போதும். நான் எழுத வந்தது வேறு.

நான் பத்தாவது படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். அரைப் பரீட்சை முடிந்த வாரத்தில் என் பக்கத்து பெஞ்சுக்காரனின் அப்பாவை வரச் சொன்னார்கள். கணக்கில் 11, ஆங்கிலத்தில் 9. "இவன் இருந்தா நூறு சதவீதம் போயிரும், டிசியை வாங்கிக்கங்க, அப்புறம் பிரைவேட்டா எழுதிக்கலாம்" என்றார்கள். அதட்டவில்லை; ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவன் அப்பா கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்த வருடம் எங்கள் பள்ளி நூறு சதவீதம். பிரேயரில் ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய். நானும்தான் கைதட்டினேன்.

அவன் பிரைவேட்டாக எழுதவில்லை. பயர் ஆபீஸுக்குப் போனான். போன வருடம் ஊர்க் கொடைக்குப் போனபோது தனியாகக் கூட்டிப்போய் ஒன்று கேட்டான்: "வாட்ச்மேன் வேலைக்குக் கூடப் பத்தாவது கேக்கான். இப்ப எழுத முடியுமாடா?" ஐம்பதை நெருங்கும் ஆள். அந்த இரண்டு மிட்டாயில் ஒன்று அவனுடையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இது பழைய காலம், இப்போதெல்லாம் அப்படி இல்லை என்பீர்கள். இல்லாமல் இருந்தால் சந்தோஷம். ஆனால் கணக்கு போடும் முறை இன்னும் அதேதான். தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேர்ச்சி என்பதுதான் நம் சதவீதம். எழுதாதவன் கணக்கிலேயே வரமாட்டான். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுக்க 50,000-க்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்ற செய்தி வந்து ஊரே அதிர்ந்தது. மே மாதம் மாநிலத் தேர்ச்சி 94.03 சதவீதம் என்று அறிவித்தார்கள். அதிர்ச்சி கொடுத்த அத்தனை பேரும் அந்த எண்ணுக்கு வெளியே நின்றார்கள்.

அதே 2023-இல் நாம் 97.85, திருப்பூர் 97.79. வித்தியாசம் 0.06. ஒரு மாவட்டத்தில் 20,000 பேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 0.06 என்பது 12 பிள்ளைகள். ஒரு மாவட்டத்தின் முதலிடத்தை 12 பேர் தீர்மானிக்கிறார்கள் என்றால், நாமினல் ரோல் (தேர்வு எழுதப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியல்) போகும்முன் யாரை எடுத்துவிடலாம் என்று ஒரு ஹெச்எம்முக்கு யோசனை ஓடாதா? நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ரிசல்ட் வந்த மறுவாரம் மீட்டிங்கில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர். சதவீதம் குறைந்ததற்குத்தான் விளக்கம் கேட்பார்கள். மூன்று பேர் காணாமல் போனதற்கு யாரும் கேட்கப்போவதில்லை.

2017-இல் மாநில அரசு மாணவர்களின் ரேங்க் பட்டியலை நிறுத்தியது. முதலிடம் பிடித்த பிள்ளையின் வாயில் அம்மா லட்டு ஊட்டும் படம் அதன்பின் பேப்பரில் குறைந்தது. நல்ல காரியம். பிள்ளைக்கு ரேங்க் வேண்டாம் என்று முடிவு செய்த நாம், மாவட்டத்துக்கு மட்டும் ஏன் வைத்திருக்கிறோம் என்று எனக்குப் புரிவதில்லை. சரி, அதை நிறுத்துவது உங்கள் கையில் இல்லை. சென்னை பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

உங்கள் கையில் இருப்பது எமிஸ், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். ஆறாவதில் யார் சேர்ந்தார்கள், எந்த வகுப்பில் யார் எங்கே போனார்கள் எல்லாம் அதில் இருக்கிறது. (எமிஸில் பதிவு போட்டே உங்கள் ஆசிரியர்கள் பாதி ஓய்ந்துபோகிறார்கள் என்பதும் தெரியும். போட்டதற்கு ஒரு பயனாவது இருக்கட்டும்.) நான் கேட்பது இதுதான். ரிசல்ட் அன்று ஒவ்வொரு பள்ளி வாசலிலும் தேர்ச்சி சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்களை எழுதுங்கள். நான்கு வருடம் முன்பு ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் இன்று பிளஸ் டூ முடித்தார்கள்? ஐடிஐக்கோ பாலிடெக்னிக்குக்கோ வேறு பள்ளிக்கோ போனவர்களை அப்படியே போட்டுக்கொள்ளலாம், அதில் குறையில்லை. எங்கே போனார்கள் என்றே தெரியாதவர்களின் எண்ணிக்கையை மட்டும் தனியாக எழுதுங்கள்.

முதல் வருடம் அந்த எண் உறுத்தும். பேப்பரில் தாறுமாறாக எழுதுவார்கள். உங்களால் அதைத் தாங்க முடியும், ஏனென்றால் பின்னாலிருந்து ஏறி வருவது உங்களுக்குப் புதிதல்ல. 2018-இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டில் இராமநாதபுரமும் நாமும்தான் அதில் இருந்தோம். பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கியதில் நிறையப் பேருக்கு வருத்தம். அந்த வருடக் கடைசியிலேயே நிதி ஆயோக் வெளியிட்ட வரிசையில், நாட்டிலேயே அதிக முன்னேற்றம் காட்டிய மாவட்டமாக விருதுநகர் முதலில் வந்தது. எங்கே பள்ளம் என்று தெரிந்ததும் அங்கேயே மண்ணைக் கொட்டினீர்கள். அந்த வித்தையை இங்கேயும் காட்டுங்கள் என்கிறேன்.

விருதுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியர்களுக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது, தலைமை ஆசிரியர்களுக்கு அண்ணா தலைமைத்துவ விருது என்று அரசு கொடுக்கிறது. மாவட்ட அளவில் நூறு சதவீதப் பள்ளிகளுக்கு நீங்களும் கேடயம் கொடுக்கிறீர்கள். அந்தக் கேடயங்களில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, 91 சதவீதம் வாங்கிய ஏதோ ஒரு பள்ளிக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒன்பதாவதில் சேர்ந்த ஒருவரையும் விடாமல் பரீட்சை ஹால் வரை கூட்டிப்போன பள்ளியாக அது இருக்கட்டும். கணக்கில் 11 வாங்கியவனை உட்காரவைத்து, மினிமம் மெட்டீரியலை (பாஸாக மட்டும் போதுமான குறிப்புகளை) கையில் கொடுத்து, 35-க்கு இழுத்துவந்த வாத்தியார் அங்கே இருப்பார். 90 வாங்குகிறவனை 95 ஆக்குவதைவிட அது பெரிய வித்தை. செய்தவர்களுக்குத் தெரியும்.

காமராஜர் பிறந்த மண் என்று ஒவ்வொரு ஜூலை 15-ஆம் தேதியும் மேடையில் சொல்கிறோம். ஆறாம் வகுப்போடு நின்று மாமாவின் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போன பையன் அவர். எமிஸ் அன்று இருந்திருந்தால் அவருக்கு இடைநின்றவர் என்றுதான் பதிவு போட்டிருக்கும். அந்த வருடம் அந்தப் பள்ளியின் தேர்ச்சி சதவீதத்தில் ஒரு புள்ளிகூடக் குறைந்திருக்காது.

என் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறவர்களிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும், வாசலில் எழுதிவிடலாம் என்கிறார்கள். பெயிண்டும் பலகையும் என் செலவு.

இப்படிக்கு,
இரண்டு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிய ஒரு பழைய மாணவன்