மூன்று பேர் தேடிய சாவி

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து இப்போதுதான் பதில் எழுதுகிறேன், திட்டாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் எம்.பி.ஏ. இரண்டாம் வருஷம். 

இன்று உட்கார்ந்து எழுதக் காரணம் வேறு. மூன்று வாரமாக ஒரு விஷயம் மனசைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதைச் சொன்னால் உனக்குத்தான் புரியும்.

எங்கள் குவாலிட்டி செக்‌ஷனுக்கு ஆள் எடுத்தோம். எட்டுப் பேருக்கு ஆஃபர் லெட்டர் போனது, வந்து சேர்ந்தது மூன்றே பேர். வராதவர்களில் ஒரு பெண். உடுமலைப் பக்கம், டிப்ளமோ மெக்கானிக்கல், இரண்டு வருஷ அனுபவம். ஒரு காஸ்டிங்கையும், அதாவது உருக்கி வார்த்த இரும்புத் துண்டையும், கனம் அளக்கும் மைக்ரோமீட்டரையும் கொடுத்து அளக்கச் சொன்னோம். மற்றவர்கள் எல்லாரும் வாங்கிய கையோடு அளந்தார்கள். இவள் மட்டும் கைக்குட்டையால் மைக்ரோமீட்டரின் இரண்டு முகத்தையும் துடைத்து, ஜீரோ சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் காஸ்டிங்கைத் தொட்டாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இவளை விடக்கூடாது என்று.

சேர வேண்டிய நாளில் வரவில்லை. போன் செய்தேன். மாசம் இரண்டாயிரம் கூட்டித் தரச் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். "சம்பளத்துக்காக இல்லைங்க சார்" என்றாள். வேறு எதற்கு என்று விடாமல் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

காலை ஆறு மணிக்கு உடுமலையில் பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, ஒன்பதே காலுக்கே கேட்டுக்கு வந்துவிட்டாளாம். செக்யூரிட்டி போனை வாங்கி வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் நிற்கச் சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு நாற்காலி கிடையாது. கூப்பிட்டது பன்னிரண்டரைக்கு. நடுவில் பாத்ரூம் எங்கே என்று கேட்டிருக்கிறாள். லேடீஸ் பாத்ரூம் பூட்டிக் கிடந்தது. டைம் ஆபீஸ், ஸ்டோர் என்று மூன்று பேர் சாவியைத் தேடி, கிடைக்க இருபது நிமிஷம் ஆகியிருக்கிறது.

"அத்தனை ஆம்பளைங்க முன்னாடி நின்னுட்டிருந்தேனுங்க சார். இங்க வேலைக்கு வந்தா தினமும் இந்தச் சாவியைக் கேட்டுட்டு நிக்கணுமேன்னு தோணுச்சுங்க."

சேகர், இருபத்திரண்டு வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். எத்தனை பேரை எடை போட்டிருப்பேன்! அன்றைக்கு அந்தப் பெண் எங்களை எடை போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அதுவும் சரியாக. உள்ளே மட்டும் என்ன நடந்தது? நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்தோம். ஜி.எம். நடுவில் இரண்டு தடவை போன் பேசினார். பக்கத்தில் இருந்தவர் "கல்யாணம் எப்போம்மா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் அங்கேதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாங்களும் கட்டி வைத்திருக்கிறோம். பூட்டு மாட்டியதை யாரும் கேட்கவில்லை.

சின்னவளிடம் சொன்னேன். இது அவள் பாடத்திலேயே இருக்கிறதாம். 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர், ஆளின் திறமை முதலாளிக்கு முன்கூட்டித் தெரியாது, அதனால் படிப்பை ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார் என்று எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேலை தேடி வருகிறவனும் அதே நிலைமையில்தான் இருக்கிறான், அவனுக்கும் கம்பெனியின் உள்ளே நடப்பது தெரியாது. 1991இல் சாரா ரைன்ஸ் என்ற அம்மையாரும் அவரோடு இன்னும் இரண்டு பேரும், வேலை தேடிக்கொண்டிருந்த மாணவர்களிடம் விரிவாகப் பேசி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இன்டர்வியூ எடுப்பவர் விஷயம் தெரிந்தவரா, எதிரே பெண்கள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, பதில் சொல்ல எத்தனை நாள் ஆக்குகிறார்கள், இதையெல்லாம் வைத்து மொத்தக் கம்பெனியின் குணத்தையே அந்த மாணவர்கள் முடிவு கட்டினார்கள். என் மகள் இதைப் படித்துக் காட்டும்போது எனக்கு அந்த வேப்ப மரம்தான் கண் முன்னால் நின்றது.

நம் கதையையே எடுத்துக்கொள். 1993இல் ஒரே நாளில் இரண்டு கம்பெனி ஏறினோமே. முதல் இடத்தில் 1,400 ரூபாய் தருகிறோம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் 1,100தான். அங்கே போர்மேன் பெரியவர் "தம்பிகளா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, கேன்டீனில் தக்காளி சாதம் வாங்கிக் கொடுத்து, லேத் லேத்தாகக் கூட்டிப்போய்க் காட்டினார். முந்நூறு ரூபாயை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தோம். நீ பதினோரு வருஷம் இருந்தாய். அந்தத் தக்காளி சாதத்துக்கு நீ மூன்றாம் தடவை கையை நீட்டியதை நான் இன்னும் மறக்கவில்லை.

உடனே ரிசப்ஷனுக்குக் கண்ணாடி போடலாம், காபி மெஷின் வைக்கலாம் என்று கிளம்பிவிடாதே. உன் அக்கா பையன் சென்னையில் அப்படி ஒரு கட்டடத்தைப் பார்த்து மயங்கிச் சேர்ந்து, நாலே மாதத்தில் திரும்பி வந்தான் இல்லையா? வருகிறவனுக்கு உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும். போன திங்கள்கிழமை ஃபவுண்டரிக்கு ஆறு பையன்கள் வந்தார்கள். இன்டர்வியூவுக்கு முன்னாலேயே ஃபர்னஸ் பக்கம் கூட்டிப்போனேன். உருகிய இரும்பை ஊற்றுகிற நேரம், பத்தடி தள்ளி நின்றாலே முகம் காந்தும். ஒருவன் "நமக்கு ஆகாதுங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள். போனவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சேர்ந்து பத்து நாளில் சொல்லாமல் ஓடுவதைவிட இது எவ்வளவோ நல்லது.

ஜி.எம்.மிடம் எல்லாவற்றையும் எழுதியே கொடுத்தேன். "இவ்வளவு கஷ்டம் எதுக்கு? பீகார்ல இருந்து ஆள் வரவழைச்சுக்கலாம்" என்றார். அவர்களும் ராத்திரி ஊருக்குப் போன் போட்டு இங்கே எப்படி என்று சொல்லத்தானே செய்வார்கள் என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. ஆனால் மறுநாள் கேட்டருகே ஆறு நாற்காலியும் ஒரு தண்ணீர்க் கேனும் வந்தன. லேடீஸ் பாத்ரூம் பூட்டை நானே நின்று கழற்ற வைத்தேன். இன்டர்வியூவில் உட்கார அக்கவுன்ட்ஸ் மேடத்தையும் கேட்டிருக்கிறேன். இன்னும் பிடி கொடுக்கவில்லை.

இப்போது உன் விஷயம். கரூரில் ஆளே கிடைக்கவில்லை என்று இரண்டு பக்கம் புலம்பியிருந்தாய். அதே கடிதத்தின் கடைசியில், பெட்ஷீட் டிசைனுக்கு வந்த பையன் நன்றாகச் செய்தான், "பார்த்துச் சொல்றேன்னு அனுப்பினேன், நாற்பது நாளாச்சு, இன்னும் யோசிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ யோசிக்கிறாய் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ஆர்டர் இல்லையோ, சம்பளம் ஒழுங்காக வராதோ, முதலாளி எதையும் இழுத்தடிப்பவரோ என்றுதான் அவன் வீட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பதில் எழுதுவதை நாளைக்கு வைத்துக்கொள். இன்றைக்கே அவனைக் கூப்பிட்டு, உண்டா இல்லையா என்று சொல்லிவிடு. வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன் என்றால், எதனால் என்று கேட்டு எனக்கும் எழுது.

தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
கணேசன்