அல்லியைத் தூங்க விடு, கலா

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா! அப்படியென்றால் செடிகளைப் பற்றி யோசிக்கும் முன்னால் குளத்தைச் சுற்றி ஒரு வேலி போட்டுவிடு. எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது இலையின் அடியில் இருக்கும் அசுவினிகூடத் தெளிவாகத் தெரிகிறது. அது மட்டும் தெரியாமலே இருந்திருக்கலாம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். குளிர்காலத்துக்குக் குளத்துச் செடிகள் எல்லாவற்றையும் வீட்டுக்குள் தூக்கிவந்து வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். எது தூங்கும், அதாவது குளிரில் வளராமல் ஒடுங்கிக் கிடக்கும், எது தூங்காது என்று முதலில் பிரித்துக்கொள். தூங்குகிற செடியைக் குளிரில் எழுப்பி வைத்து வளர்க்கப் பார்ப்பது வீண் சிரமம்.

தாமரையைத் தொடவே தொடாதே. ஆழமான குளம் மேலே உறைந்தாலும் அடித்தண்ணீர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். கிழங்கு பனிக்கட்டிக்குக் கீழே இருந்தால் பிழைத்துக்கொள்ளும். குளிர் தாங்கும் அல்லிக்கும் இதே கதைதான். ஆனால் உன்னுடைய நீல அல்லி வெப்பமண்டலச் செடி. தண்ணீர் உறைய வேண்டியதே இல்லை, அந்த 4 டிகிரியே அதற்கு எமன்.

அதன் உயிர் கிழங்கில் இருக்கிறது. இலைகள் சிறுத்து, மொட்டு வருவது நின்றதும் தொட்டியோடு வெளியே எடுத்து மண்ணைக் கரைத்துப் பார். தண்டின் அடியில் கறுப்பாக, முடிச்சு முடிச்சாக இருக்கும். பெரிய கிழங்கைப் பார்த்து ஆசைப்படாதே. கொட்டைப்பாக்கு அளவில் இருப்பவைதான் பெரும்பாலும் குளிரைத் தாண்டும். ஒட்டியிருக்கும் வேரும் அழுகிய நாரும் விரலால் தேய்த்தாலே கழன்றுவிடும். அப்புறம் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார். கெட்டியாக இருந்தால் வைத்துக்கொள், அமுங்கினால் தூக்கிப் போடு.

நல்லவற்றை ஈரமணலில் புதைத்து ஜாடியில் போட்டு மூடு. மணல் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. 10 முதல் 13 டிகிரி வரை இருக்கும் இருட்டான மூலை போதும். ஃபிரிட்ஜ் வேண்டாம், அதுவும் குளத்து அடி மாதிரியேதான். மாதம் ஒருமுறை திறந்து மோந்து பார். வாடை அடித்தால் அழுகியதை எடுத்துவிட்டு மணலை மாற்று. ஜாடிமேல் பூவின் நிறத்தை எழுதி ஒட்ட மறக்காதே. கிழங்கைப் பார்த்து நிறம் சொல்ல யாராலும் முடியாது.

சேம்பும் கல்வாழையும் சுலபம். இலையை வெட்டிவிட்டுக் கிழங்கை உறைபனி படாத இடத்தில் வைத்தால் சரி. பாப்பிரஸ் என்கிற கோரைதான் தூங்காத ஜாதி. அதைத் தண்ணீர் நிற்கும் தட்டில் வைத்து, வெளிச்சம் அதிகமாக வரும் ஜன்னலுக்குக் கொண்டுபோ. காய விட்டால் நுனி பழுத்துவிடும். ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திப் பூச்சியும் சேர்ந்துகொள்ளும்.

ஆகாயத்தாமரையை என்ன செய்வது என்று கேட்டாயே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெப்ப நாடுகளில் ஏரி ஏரியாக மூடிக்கொண்டு, இயந்திரம் வைத்து அள்ளுகிற களை அது. குளிர்காலத்தில் அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும், தினமும் 12 மணி நேரத்துக்கு மேல் நல்ல விளக்கும் வேண்டும். மின்கட்டணம் கட்டியா களை வளர்ப்பாய்? பேசாமல் உரக்குழியில் போடு. ஆற்றிலோ ஏரியிலோ மட்டும் வீசிவிடாதே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் அதை விற்கவும் வளர்க்கவுமே தடை.

வசந்தம் நெருங்கும்போது அல்லிக் கிழங்கை 21 முதல் 24 டிகிரி வரை இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு வெயில்படும் ஜன்னலில் வை. நூல் போன்ற ஒரு தண்டு கிளம்பி, அதன் நுனியில் குட்டி இலைகளும் வேரும் வரும். அதை மெதுவாகக் கிள்ளித் தனித் தொட்டியில் நடு. கிழங்கைத் திரும்பவும் தண்ணீரில் போட்டால் இன்னொரு கன்றுகூடத் தரலாம். குளத்துக்கு அனுப்ப மட்டும் அவசரப்படாதே. நாலு நாள் வெயில் அடித்ததும் உனக்குக் கை பரபரக்கும், எனக்குத் தெரியும்! காலையில் தெர்மாமீட்டரை விட்டுப் பார். தொடர்ந்து 21 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் கன்று மறுபடி தூங்கிவிடும்.

இரவில் பூக்கும் சிவப்பு அல்லியில் கிழங்கு மிஞ்சினால் எனக்கு ஒன்று எடுத்து வை. உன் மூட்டுவலி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, என்ன ஆயிற்று?

அன்புடன்,
வசந்தா