இயற்கை மருத்துவமும் மண்டபத்து முகாம்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் இயற்கை மருத்துவம் குறித்து வெளிவந்த கட்டுரை, அம்மருத்துவம் முழுவதும் நம் முனிவர்கள் அருளியது என்று தொடங்கி, எந்த நோய்க்கும் மருந்தே வேண்டியதில்லை என்று முடிந்திருந்தது. முதல் கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. இரண்டாவது ஆளையே கொல்லக்கூடியது. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இயற்கை மருத்துவத்தின் மேல் எனக்குப் பகை ஏதுமில்லை.

எண்ணெய்க் குளியலும் விரதமும் நம்முடையவைதாம். ஆனால் இன்று இயற்கை மருத்துவமனைகளில் தரப்படும் இடுப்புக் குளியலும் ஈரத்துணிப் பட்டியும் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் நாடுகளில் முறைப்படுத்தப்பட்டவை. கிராஃபன்பர்க் என்னும் மலையூரில் குளிர்ந்த நீரை மட்டுமே கொண்டு வைத்தியம் பார்த்த வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் ஒரு விவசாயி. பவேரியாவின் செபாஸ்டியன் க்னைப் ஒரு பாதிரியார். லைப்சிக் நகரத்து லூயி கூனே மரவேலைப் பட்டறை நடத்தியவர். மருத்துவம் படித்தவர் இவர்களில் ஒருவருமில்லை. கூனேயின் நூல் 1894இலேயே தெலுங்கில் வந்துவிட்டது. ஜெர்மன் இயற்கை மருத்துவர் அடோல்ஃப் ஜுஸ்ட் எழுதியதைப் படித்துத்தான் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வயிற்றில் மண்பட்டி போட்டுக்கொண்டார். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை லட்சுமண சர்மா இதற்காகவே பத்திரிகை நடத்தியும் நூல்கள் எழுதியும் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார்.

காந்தியடிகளை மேற்கோள் காட்டுவோர் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1924இல் சிறையிலிருந்தபோது குடல்வால் அழற்சி வந்ததும், புனே சசூன் மருத்துவமனையில் ஆங்கிலேய மருத்துவரிடம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். அதற்குப் பிறகும், 1946இல், புனேவுக்கு அருகிலுள்ள உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கினார்.

எங்கள் பெருந்துறையில் சானடோரியம் என்ற பெயரைச் சொல்லாமல் ஆட்டோ ஏற முடியாது. வறண்ட காற்றுள்ள ஊர் என்று பார்த்துக் காசநோயாளிகளுக்காக அங்கே மருத்துவமனை வைத்தார்கள். நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான உணவு என்று, இயற்கை மருத்துவர் சொல்வதெல்லாம்தான் அக்காலத்துச் சானடோரியங்களின் சிகிச்சை. அது சிலரைத் தேற்றியது உண்மை. ஆனால் 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு, அதைத் தொடர்ந்து மற்ற மருந்துகளும் வந்த பிறகுதான் காசம் குணமாகும் நோயாயிற்று. காற்றும் வெயிலும் உடம்பைத் தாங்கிப் பிடித்தன. கிருமியைக் கொன்றது மருந்து. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே நல்ல இயற்கை மருத்துவர்.

அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஐந்தரை ஆண்டு யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் உடற்கூறும் உடலியங்கியலும் நோயறிதலும் படித்துத் தேறியவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே பணியில் உள்ளனர். நான் பார்த்த ஒரு பிரிவில், வெயிலில் காயவைத்துச் சலித்த மண்ணை ஊறவைத்து, துணியில் மெல்லிய செங்கல் போலப் பரப்பி, வெறும் வயிற்றில் அரைமணி நேரம் வைத்தார்கள். அதற்கு முன்பு ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொண்டார்கள். முட்டிவலிக்கும் மலச்சிக்கலுக்கும் உடல் எடைக்கும் வருவோர்தான் அங்கே மிகுதி. யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை.

கல்யாண மண்டபங்களில் ஞாயிறுதோறும் நடக்கும் முகாம்களின் கதை வேறு. எங்கள் உறவினர் ஒருவர் சென்னிமலையில் தறி ஓட்டுபவர். சர்க்கரைக்கு ஊசி போட்டு வந்தவரை, அத்தகைய முகாம் ஒன்றில், ஊசிதான் நோயை வளர்க்கிறது என்று சொல்லிக் காய்கறிச் சாற்றில் நிறுத்திவிட்டார்கள். காலில் புண் புரையோடி, இரண்டு விரலை எடுத்த பிறகுதான் வீடு திரும்பினார். முகாம் நடத்தியவர் என்ன படித்தவர் என்று கேட்டதற்கு, "அனுபவசாலிங்க" என்று மட்டுமே பதில் வந்தது. 2018இல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்யப்போய் ஒரு பெண் உயிரிழந்ததையும் நம் வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கெட்ட பெயர் மட்டும் படித்த இயற்கை மருத்துவருக்கும் சேர்ந்தே வருகிறது.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2020, ஆயுர்வேதம், சித்தா, யுனானி, திபெத்திய மருத்துவமான சோவா ரிக்பா ஆகியவற்றை உள்ளடக்கியது. இயற்கை மருத்துவத்தைச் சேர்க்கவில்லை. தில்லியில் அது சரியாகும்வரை மாவட்ட நிர்வாகம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மண்டபத்தில் மருத்துவ முகாம் நடத்த வருபவரிடம் பட்டச் சான்றையும் பதிவையும் சுகாதாரத் துறை கேட்டுப் பார்க்கலாம். தங்கள் பத்திரிகையும் இத்தகைய முகாம்களின் விளம்பரத்தை வாங்கும்போதே நடத்துபவரின் படிப்பையும் பதிவு எண்ணையும் கேட்டு, அவற்றை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.