மாதிரி ரயில் நிலையத்துக்கும் மழைக்கறை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மாதிரி ரயில் பொழுதுபோக்கு பற்றிய கட்டுரை படித்தேன். என்ஜினுக்கும் தண்டவாளத்துக்கும் தாராளமாக இடம் கொடுத்துவிட்டு, தண்டவாளத்துக்குப் பொருந்தும் எந்தக் கட்டடப் பெட்டியையும் (ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்கள் கொண்டது) வாங்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியும் தவறு. மாதிரிகளின் அளவுகளில் எச்.ஓ. என்பது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, பிரிட்டனின் ஓ.ஓ. 76-இல் ஒரு பங்கு. இரண்டும் ஒரே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுவதால் வரும் குழப்பம் இது. இரண்டு மீட்டர் உயரக் கதவு முன்னதில் 23 மில்லிமீட்டர், பின்னதில் 26. ஓ.ஓ. கதவின் பக்கத்தில் எச்.ஓ. ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மையை நிறுத்திப் பாருங்கள், பாவம், குள்ளராகிவிடுவார்.

நான் செம்பூரில் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்துப் பிழைத்தவன். ஹவுசிங் சொசைட்டிச் சுவர்களில் மழைக்கறையைச் சுரண்டி எடுப்பதே வேலையாக இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு அதே கறையை உள்ளங்கை அளவுச் சுவர்களில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இதைப் பற்றி என் மனைவி சொல்வதை அச்சில் போட முடியாது.

புதியவர்கள் என்ஜினை விட்டுவிட்டு ஒரு சிறிய கூட்ஸ் ஷெட்டில் தொடங்கட்டும். பாகங்களை அவை வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்க்காமல் வெட்டியெடுத்து, வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுவதற்கு முன்பே வண்ணம் அடித்துவிட வேண்டும். ஒட்டும் விளிம்பில் மட்டும் வண்ணம் படக் கூடாது. பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கையே கரைத்து இணைப்பது. மூலையின் உட்புறத்தில் தூரிகை நுனியால் தொட்டால் இடுக்கில் தானாக ஓடிவிடும். சன்னல் கண்ணாடிக்கு சூப்பர் குளூ ஆகவே ஆகாது. அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெளுத்து மங்கிவிடும்.

இனி அழுக்கு. பெட்டியோடு வரும் படங்கள் ஜெர்மனியையும் அமெரிக்காவையும் பார்த்து வந்தவை. நம் சுவரின் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் மழையில் கைப்பிடிச் சுவரின் தலையில் கரும்பாசி அடர்ந்து, இறங்க இறங்க மெலிகிறது. சன்னல் திட்டின் இரு ஓரங்களிலும் கோடு வழிகிறது, சன்ஷேடுக்கு அடியிலோ சுவர் வெளுப்பாகவே நிற்கிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மை சில சொட்டு விட்டு, இந்தத் தடத்தில் மட்டும் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். சுவர் முழுக்க ஒரே சீராகப் பூசினால் அது அழுக்கல்ல, சாம்பல் பெயின்ட். தகரக் கூரையில் துரு ஆணியடியில்தான் பிறக்கும், அங்கே ஒரு புள்ளி போதும்.

மும்பைக்கு அருகே உள்ள மலை ஊரான மாதேரான் பக்கத்துக் கட்டடம் செய்கிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. அங்கே செம்மண். மழைத்துளி தெறித்துச் சுவரின் கால்மாட்டில் சிவப்புப் பட்டை ஏறியிருக்கும். செங்கல் நிறச் சாக்கட்டியை பிளேடால் சுரண்டி, அந்தப் பொடியை உலர்ந்த தூரிகையால் கீழிருந்து மேலாகத் தட்ட வேண்டும். கடைசியில் பளபளப்பில்லாத வார்னிஷ். ஆல்கஹால் வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளை பூத்துவிடும்.

அடுத்த முறை இந்தப் பக்கத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்த ஸ்டேஷன் படம் வேண்டாம். ஆகஸ்ட் மாதத்தில் உங்கள் புகைப்படக்காரரை மும்பை புறநகர் ரயிலின் ஹார்பர் லைனில் ஏதாவது ஒரு நிலையத்தின் பின்சுவருக்கு அனுப்புங்கள். சன்னல் மூலைகள் தெளிவாகத் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், செம்பூர், மும்பை