சேதுபதி தோற்ற தேர்தல்

அன்பு மகளுக்கு,

தேர்தலில் தோற்றபிறகு, இனித் தேர்தலே கேட்கமாட்டேன் என்று நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகுதில்லை. "அரசியல் குடும்பத்துப் பிள்ளையோடு மோதி நான் வெல்லலாமா அப்பா?" என்றும் கேட்டாய். அந்த நேரம் எனக்குப் பதில் சரியாக வரவில்லை.

இராமநாதபுரம் ராஜா சண்முக ராஜேஸ்வர சேதுபதியைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் யாழ்ப்பாணத்தாரான எங்களுக்குத் தூரத்து ஆக்கள் இல்லை. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசில் நந்திக்குக் கீழே 'சேது' என்றுதான் பொறித்திருக்கும். ஆறுமுக நாவலர் நூல்களைப் பதிப்பித்தபோது அந்தச் சமஸ்தானத்துப் பொன்னுச்சாமித் தேவர் கைகொடுத்தார். விவேகானந்தர் சிக்காகோ போக முன்னின்ற பாஸ்கர சேதுபதி, இந்த ராஜாவின் பாட்டனார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை 1937இல் நீதிக்கட்சி சார்பில் தேர்தல் கேட்டார். எதிரே காங்கிரஸ் வேட்பாளராகப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். இரண்டு பேருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. அங்கே அப்போது பெரும்பாலும் சொத்து உள்ளவர்களுக்கும் வரி கட்டியவர்களுக்கும்தான் வாக்கு. (எங்கள் இலங்கைத் தீவில் 1931இலேயே எல்லாருக்கும் வாக்கு வந்துவிட்டது. அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது வேறு கதை.) பெரும்பாலும் வசதியானவர்களே வாக்குப் போட்ட தேர்தலிலும், தன் சொந்தச் சீமையிலேயே ராஜா தோற்றுப்போனார்.

பிறகு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. சமஸ்தானமும் கைவிட்டுப் போனது. மனிதர் அரண்மனைக்குள் ஒதுங்கியிருக்கலாம். 1952இல், வயதுவந்த எல்லாருக்கும் வாக்குக் கிடைத்த முதல் தேர்தலில், நேற்றுவரை தனக்கு வரி கட்டிய குடிகளிடமே சுயேச்சையாகப் போய் வாக்குக் கேட்டார். வென்றார். ராஜாஜி அமைச்சரவையில் இடம் கிடைத்தது. 1954இல் காமராஜர் எட்டே பேரோடு அமைத்த அமைச்சரவையிலும் பொதுப்பணித்துறை அவர் கையில் இருந்தது. 1957இலும் 1962இலும் திரும்ப வென்றார். 1967இல் காலமானார்.

நானும் அம்மாவும் இராமேஸ்வரம் போகும் வழியில் இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்தைப் பார்த்தோம். சுவரெல்லாம் பழைய ஓவியங்கள். ஒன்றில் இராஜராஜேஸ்வரி அம்மன் தன் கையாலேயே சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிறாள். அதன் முன்னால் கனநேரம் நின்றேன். அம்மனே செங்கோல் தந்தாள் என்று சுவரில் தீட்டிவைத்த வம்சத்தில் பிறந்தவர், ஒருமுறை தன்னை வேண்டாம் என்ற சீமையிடம் திரும்பப் போய்க் கைகூப்பியிருக்கிறார். அந்த மந்திரிப் பதவியைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

குடும்பப் பெயர் கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான். உன்னை எதிர்த்து நின்ற பிள்ளைக்கும் அப்படித்தான்.

சரி, அந்தப் பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை போடக் கேட்டு நீ கையெழுத்துச் சேர்த்த மனு என்ன ஆனது? பனிக்குள் வயதானவர்கள் இன்னும் அங்கேதானே நிற்கிறார்கள். வென்றால்தான் அதைக் கேட்கலாம் என்று இல்லையே. இந்த மாதக் கூட்டத்துக்குப் போய்க் கேள். பேசிவிட்டு வந்து எனக்குப் போன் எடு, அங்கே இரவானாலும் பரவாயில்லை. அடுத்த தேர்தலைப் பற்றி அதற்குப் பிறகு கதைப்போம்.

அன்புடன்,
அப்பா