கல்லறைச் சுவரை அகற்றித் தாருங்கள்: ஆயருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆயர் ஆண்டகை அவர்களுக்கும், எங்கள் பங்குப்பேரவைப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே, தலித் கிறிஸ்தவர்களான எங்களைச் சாதியால் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றித் தங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. இது மூன்றாவது விண்ணப்பம். முதல் இரண்டுக்கும், ஆண்டவர்மேல் நம்பிக்கை வைத்துச் செபியுங்கள், காலம் கனியும் என்றே பதில் வந்தது.

சென்ற டிசம்பரில், திருவருகைக் காலத்தில், என் அம்மா இறந்தார். அடக்கத் திருப்பலி குறையின்றி நடந்தது. ஆனால் கல்லறைத் தோட்டத்தின் முன்வாசல் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் இருக்கிறதென்று அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லையாம். பின்பக்கச் சந்துக்குள் அமரர் ஊர்தி நுழையாது. முந்தின இரவு மழையில் சேறாகிக் கிடந்த வாய்க்கால் கரை வழியே, கருவேல முள் பெட்டிமேல் போர்த்திய வெள்ளைத் துணியைக் கிழிக்க, தோள் மாற்றித் தோள் மாற்றி அம்மாவைச் சுமந்துபோனோம். சேற்றில் புதைந்த செருப்பை எடுக்கக் குனிய முடியாமல் தம்பி ஒற்றைச் செருப்போடு நடந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சிமெண்டு பாதை காய்ந்து கிடந்தது.

அம்மாவுக்குப் பிடித்த இறைவாக்கு எசாயா 49ஆம் அதிகாரத்தில் உள்ளது. பெற்றவள் மறந்தாலும் நான் மறவேன், என் உள்ளங்கைகளில் உன்னைப் பொறித்திருக்கிறேன் என்று ஆண்டவர் சீயோனுக்குச் சொன்ன கையோடு, உன் சுவர்கள் எப்போதும் என் கண்முன் நிற்கின்றன என்கிறார். அது எருசலேம் மதிலைப் பற்றியது என்று உபதேசியார் எவ்வளவோ விளக்கியும், இந்தச் சுவரும் அவர் கண்ணில் படாமலா இருக்கும் என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். வேதனையோ நெருக்கடியோ கிறிஸ்துவின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்காது என்ற உரோமையர் 8ஆம் அதிகாரத்தை நாங்கள் நம்பாதிருந்தால், பின்வாசலைக் காட்டிய அன்றே இந்தக் கோவிலை விட்டுப் போயிருப்போம். ஆகவே நம்பிக்கையைப் பற்றிய அறிவுரை எங்களுக்குத் தேவையில்லை. சுவரை அகற்றித் தாருங்கள்.

கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடக் கூடாதென்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003இல் தமிழக ஆயர்களிடமே சொன்னார். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டிய 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை சீக்கியருக்காக 1956இலும் பௌத்தருக்காக 1990இலும் திருத்தப்பட்டும் நமக்கு மட்டும் திருத்தப்படவில்லையே என்று, ஆகஸ்டு 10ஆம் நாள்தோறும் தங்களோடு கறுப்புக்கொடி பிடிக்கிறோம். மதம் மாறினாலும் சாதி விடுவதில்லை என்று தில்லியில் வாதாடும் நமக்குச் சான்றுக்கா பஞ்சம்? இதை விசாரிக்க வருகிற ஆணையத்தை நேரே எங்கள் கல்லறைக்கு அழைத்து வந்தால் போதும். ஒருவேளை அதற்காகத்தான் சுவரைப் பாதுகாத்து வைத்திருக்கிறோமோ என்னவோ.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன் அந்தச் சுவரை அகற்றி, முன்வாசலை எல்லோருக்கும் திறந்துவிடுமாறு மிகுந்த பணிவோடு மீண்டும் வேண்டுகிறேன். அன்று கல்லறைகளை மந்திரிக்கத் தாங்களே வர இசைந்தால், அம்மாவின் கல்லறை வாய்க்கால் ஓரம் கடைசி வரிசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் மந்தையில் ஒருவன்