13ஆம் நெடுஞ்சாலையைப் பேணுவோர்க்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியோரே, வணக்கம்.

கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணத் தென்பகுதியில், மேனிட்டோபா எல்லையிலிருந்து ஆல்பர்ட்டா எல்லை வரை 650 கிலோமீட்டருக்கும் மேலாக நீளும் 13ஆம் எண் நெடுஞ்சாலையைக் கோடையிலும் குளிரிலும் வண்டி ஓடும் நிலையில் வைத்திருக்கும் உங்கள் அனைவருக்கும், அச்சாலையோரச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியைத் தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறோம். இதன் ஆங்கிலப் படியை எங்கள் ஊர்ப் பராமரிப்புக் கூடத்தில் கொடுத்துவிட்டோம். தமிழிலும் எழுதக் காரணம், ஆள் அரவமற்ற அந்தப் புல்வெளிப் பிரதேசத்தில் ஆபத்து அவசரத்துக்கு யார் இருக்கிறார்கள் என்று எங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும் உற்றார் உறவினர்க்கும், இனி இப்பக்கம் வேலைக்கு வரவிருக்கும் குடும்பங்களுக்கும் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதுதான்.

கிழக்கே ரெட்வர்ஸில் தொடங்கி, கார்லைல், ஸ்டவுட்டன், வேபர்ன், ஒகீமா, அசினிபோயா, லாஃப்ளெஷ், பான்டெக்ஸ், காடிலாக், ஷானவன், ஈஸ்டெண்ட் எனக் கோதுமை வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் மாறி மாறி வர மேற்கே செல்லும் இச்சாலை, ராப்சார்ட், கான்சல், கவன்லாக் ஆகிய இடங்களைத் தாண்டி ஆல்பர்ட்டாவுக்குள் நுழைகிறது. 1874இல் வடமேற்குக் குதிரைப் போலீசார் சிவப்புச் சட்டை அணிந்து மேற்கு நோக்கிச் சென்ற பயணத்தின் நினைவாக, இச்சாலையையும் உள்ளடக்கி மேனிட்டோபாவின் வின்னிபெக்கிலிருந்து ஆல்பர்ட்டாவின் ஃபோர்ட் மெக்லியோட் வரையிலான முழு வழித்தடத்துக்கும் ‘ரெட் கோட் டிரெயில்’ (சிவப்புச் சட்டைத் தடம்) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் போன தடமும் இன்றைய சாலையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ரெட்வர்ஸில் குதிரைமீது அமர்ந்த போலீஸ்காரர் சிலையையும், ஈஸ்டெண்டில் ‘ஸ்காட்டி’ என்னும் டைனோசரின் பெயரால் புகழ்பெற்ற அருங்காட்சியகத்தையும் பார்க்க வருவோருக்கு இது சுற்றுலாச் சாலை. எங்களுக்கோ மருத்துவமனைக்கும், மளிகைக்கும், பள்ளிக்கும், பிழைப்புக்கும் உள்ள ஒரே வழி. மாகாண அரசின் பேருந்து நிறுவனம் 2017 மே மாத இறுதியில் தன் சேவையை நிறுத்திய பிறகு, சொந்த வண்டி இல்லாதவர் பிறர் தயவில்தான் ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர் என்பதால், சாலை மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் நன்கறிவோம்.

முதல் நன்றி பனி அகற்றும் வண்டி ஓட்டுநர்களாகிய உங்களுக்கு. சாலையில் உப்பைக் கொட்டினால் பனி உருகிவிடும் என்று வெளியூரார் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். குளிர் மைனஸ் பத்து, பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால் உப்பு தன் வேலையைச் செய்ய மறுக்கிறது என்பதும், மைனஸ் முப்பதில் மணலைத் தூவி டயருக்குப் பிடிமானம் உண்டாக்குவதே இயலும் என்பதும், அந்த மணல் கட்டியாக உறைந்துவிடாமல் இருக்கவே அதில் சிறிது உப்பைக் கலக்கிறீர்கள் என்பதும் இங்கு வந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. வானத்திலிருந்து ஒரு துளி பனியும் விழாத நாளில்கூட, வயல்களில் கிடக்கும் பனியைக் காற்று வாரிக்கொண்டு வந்து, நீங்கள் வழித்துவிட்டுப் போன அரைமணி நேரத்துக்குள் மறுபடியும் சாலையில் குவித்துவிடுகிறது; நீங்களும் சலிக்காமல் திரும்பி வருகிறீர்கள். விடியுமுன் உங்கள் வண்டிக்குப் பின்னால், முன்தகடு ஒதுக்கிய பனியைப் பக்கவாட்டுத் தகடு சாலை விளிம்புக்கு அப்பால் புகையாய் வீசுவதைப் பார்த்துக்கொண்டே, போதிய இடைவெளி விட்டு ஊர்ந்து வந்து பணிக்குச் சேர்ந்த நாள்கள் எங்களுக்கு உண்டு. காற்றின் வேகத்தால் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் பறக்க முடியாத இரவுகளில், ஒரு நோயாளி மாகாணத் தலைநகர் ரெஜைனாவுக்குப் போய்ச் சேர்வதும் சேராததும் உங்கள் கையில்தான் இருக்கிறது. விளக்கு எரிய வேலை செய்யும் உங்கள் வண்டியைக் கடக்கும்போது 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே இருந்தும், அதை மதிக்காமல் பனிமூட்டத்துக்குள் பாய்ந்து முந்துபவர்களைப் பார்க்கையில் எங்களுக்கே உடல் பதறுகிறது.

புயல் நாளில் சாலையின் நிலையைத் தொலைபேசியிலும் இணையத்திலும் அறிவிக்கும் ‘ஹைவே ஹாட்லைன்’ ஊழியர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. ‘பயணம் உகந்ததல்ல’ என்று நீங்கள் போடும் ஒரு வரியைக் காட்டித்தான் வீட்டில் நடக்கும் பல வாக்குவாதங்களை முடித்துவைத்திருக்கிறோம்.

காடிலாக் அருகே எங்கள் கார் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியபோது டிராக்டருடன் வந்த விவசாயிக்குப் பெயர் குறிப்பிடாமலே நன்றி சொல்கிறோம். பெயர் போடுவதை அவர் விரும்ப மாட்டார். வந்தவர் சங்கிலியைத் தொடுவதற்கு முன், மண்வெட்டியால் காரின் புகைக்குழாயைச் சுற்றி அடைத்திருந்த பனியைத் தோண்டி எடுத்தார். குழாய் அடைபட்ட நிலையில் வெப்பத்துக்காக எஞ்சினை ஓடவிட்டால் நச்சு வாயு காருக்குள் புகுந்து, உள்ளே இருப்பவர் தூக்கத்திலேயே போய்விடக்கூடும் என்பதை எங்களுக்கு எடுத்துச் சொன்னார். கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத பகுதி அது. பணம் நீட்டியபோது, அடுத்த முறை கம்பளியும் மெழுகுவத்தியும் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இப்போது இரண்டும் எங்கள் காரில் நிரந்தரமாக இருக்கின்றன.

இந்த நாட்டுப்புறச் சாலைகளைக் குறை சொல்வது சுலபம். நாங்களும் குழிகளைத் திட்டியவர்களே. ஆனால் இவை எந்தப் பாரத்துக்காகப் போடப்பட்டன என்பதைப் பார்க்க வேண்டும். இம்மாகாணத்தின் நாட்டுப்புற நெடுஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், புழுதி அடங்கினால் போதும் என்று மண்மேல் தோசைமாவு தடவியது போல மெல்லிய தார்ப்படலம் மட்டும் இட்ட சாலைகளாகவே அமைக்கப்பட்டன. அன்று விளைச்சல் பக்கத்து ஊர் ரயில் நிலையத்து மரக் களஞ்சியத்துக்குச் சிறு லாரியில் போய்ச் சேர்ந்தது. கனடா அரசும் ரயில் நிறுவனமும் 1897ஆம் ஆண்டு செய்த ஒப்பந்தத்தில் வேர்கொண்ட, தானியத்துக்கான ரயில் கட்டணச் சலுகை 1995இல் முடிவுக்கு வந்தபின் கிளைப் பாதைகள் பல மூடப்பட்டன, ஊர்க் களஞ்சியங்கள் இடிக்கப்பட்டன, 60 டன்னுக்கு மேல் எடையுள்ள இரட்டைத் தொடர் லாரிகள் அந்தப் பாரத்தைச் சாலையில் ஏற்றின. ஸ்டவுட்டன் பக்கத்தில் எண்ணெய்க் கிணற்று வண்டிகளும் சேர்ந்துகொண்டன. சாலை பழுதானதற்குத் தார் வாளியும் கையுமாக நிற்கும் தொழிலாளியைக் கோபிப்பதில் நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து.

எனவே, வசந்தத்தில் மண் இளகும் வாரங்களில் அரசு விதிக்கும் எடைக் கட்டுப்பாட்டை, விலை நன்றாக இருக்கும் நேரத்திலும் மதித்து, லாரியில் பாரத்தைக் குறைத்து ஓட்டும் விவசாயிகளுக்கும் லாரி உரிமையாளர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஷானவனைத் தலைமையிடமாகக் கொண்ட கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயை மூடவிடாமல் தங்கள் பணத்தைப் போட்டு ஓடச் செய்தவர்களுக்கும் அதே நன்றி. ஒரு தானியப் பெட்டி ஏறத்தாழ இரண்டு பெரிய லாரிகளின் சுமையைத் தாங்குகிறது. அந்த ரயில் ஓடும் ஒவ்வொரு நாளும் சாலையின் ஆயுள் கூடுகிறது.

கோடைக்காலத் தொழிலாளர்களே, உங்கள் வேலை எவர் கண்ணிலும் படுவதில்லை. பட்டாலும் தாமதமாகவே படுகிறது. வெடிப்புகளில் சூடான ரப்பர்த் தார் ஊற்றி அடைக்காவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கி, குளிரில் உறைந்து பருத்து, மறு வசந்தத்தில் அவ்விடமே குழியாகிவிடும் என்பதை உங்களில் ஒருவர் கொதிகலனுக்கு அருகில் நின்றபடி பொறுமையாக விளக்கினார். தார்க் குழம்பைத் தெளித்து, அதன்மேல் நொறுக்குக் கல்லைப் பரப்பி, உருளையால் அழுத்தும் நாள்களில் கண்ணாடியில் கல் தெறிக்கிறதே என்று எரிச்சல் படுபவர்கள் வேகத்தைக் குறைத்தால் போதும். முப்பது டிகிரி வெயிலில், நிழலுக்கு ஒரு மரமும் இல்லாத இடத்தில், கொடியும் பலகையும் பிடித்து நாள் முழுவதும் நிற்கும் இளையோருக்கு நாங்கள் காட்டக்கூடிய மரியாதை அது ஒன்றே.

சாலையோரப் புல்லை அறுத்து உலர்தீவனமாக எடுத்துச் செல்பவர்களுக்கும், அதனால் மான் குறுக்கே பாயுமுன் கண்ணில் படுகிறது என்பதற்காகவே, நன்றி. பிரதான சாலையிலிருந்து பண்ணைகளுக்குப் பிரியும் சரளைப் பாதைகளைக் கிரேடர் கொண்டு சமன்செய்யும் ஊரக உள்ளாட்சி ஊழியர்களையும், பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களையும், நள்ளிரவு அழைப்புக்கும் எழுந்து வரும் இழுவை வண்டிக்காரர்களையும் இங்கே மனமார வாழ்த்துகிறோம். வசந்தக் கட்டுப்பாடு தொடங்கும் வாரத்தில் பராமரிப்புக் கூடத்துக்குக் காப்பியும் வடையும் கொண்டுவர அனுமதி கேட்டிருக்கிறோம். எந்த நேரத்துப் பணிமாற்றத்துக்கு வந்தால் அதிகம் பேர் இருப்பீர்கள் என்பதை மட்டும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
13ஆம் நெடுஞ்சாலையோரத் தமிழ்க் குடும்பம்,
தென் சஸ்காச்சுவன்